பூங்கொடியின் விலாசம்

போன மாசி மாதம் கடைத்தெருவில் பண்டாரம் அண்ணாச்சி சைக்கிளிலிருந்து விழுந்தார். பக்கத்தில் மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நின்றார்கள். எட்டு, ஒன்பது வயதிருக்கும். அவர்கள் ஓடிப்போய்த் தூக்கவில்லை, கத்தவில்லை, எதிர்க்கடைக்காரரைக் கூப்பிடவும் இல்லை. அண்ணாச்சியின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே கட்டியிருந்த பட்டையில் நீல விளக்கு எரிந்ததும் ஒருவன், "தகவல் போய்ருச்சு, வாங்கலே" என்றான். மூன்று பேரும் நடையைக் கட்டினார்கள்.

நாலரை நிமிடத்தில் ஆஸ்பத்திரி வண்டி வந்தது. அண்ணாச்சிக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் நடக்க வேண்டிய முறையில்தான் நடந்தது. ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டையின் பெயர் 'துணை'. அது வந்து பன்னிரண்டு வருடமாகிறது. நாடி, மூச்சு, உடம்புச் சூடு, விழுந்த வேகம் என்று எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நமக்கு ஆபத்து என்பது நமக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். அதுவே வண்டியையும் கூப்பிட்டுவிடும். பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே கட்டித்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். துணை வந்த மறு வருடம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துவிட்டார்கள். 'உதவிக்குக் கூப்பிடுவோம்' என்பது அந்தப் பாடத்தின் தலைப்பு. சங்கரன்கோவிலில் அந்தப் பாடத்தை முதலில் நடத்தியவள் நான். என் பெயர் எப்சிபா. முப்பத்து மூன்று வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து, ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது.

எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். ஆகவே முதலில் அந்த வகுப்பு.

2027. என் வகுப்பில் நாற்பத்தோரு பிள்ளைகள். அப்போது எல்லார் வீட்டிலும் செல்போன் உண்டு. ஆனால் செல்போனைக் கையில் கொடுத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பேசாது. விளையாட்டு எங்கே இருக்கிறது என்று தேடும். அதனால் தலைமையாசிரியர் அறையில் செத்துக் கிடந்த சிவப்புத் தொலைபேசி ஒன்று, பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது ஒன்று, இரண்டையும் துடைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒன்று என் மேஜை மேல் இருக்கும். இன்னொன்றோடு நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வேன். மேஜைக்கு அடிதான் உதவி மையம். அந்தச் சுருள் வயரை விரலில் சுற்றிக்கொள்வதற்காகவே பிள்ளைகள் வரிசையில் அடித்துக்கொள்வார்கள்.

"ஹலோ, உதவி மையம். என்ன ஆச்சு?"

"எங்க வீட்டுல ஆடு குட்டி போட்டிருக்கு. சீக்கிரம் வாங்க."

"அதுக்கெல்லாம் வர மாட்டோம்பா."

"அப்ப எதுக்குத்தான் வருவீங்க?"

இன்னொருத்தி வருவாள்.

"எங்கேர்ந்தும்மா பேசுற?"

"வீட்டுலேர்ந்து."

"வீடு எங்க இருக்கு?"

"எங்க தெருவுல."

"தெரு எங்க இருக்கு?"

"எங்க வீட்டுக்கு முன்னால."

மேஜைக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த அந்த மத்தியானங்களை நினைத்தால், சாக்பீஸ் தூளும் மதியச் சாப்பாட்டு சாம்பாரும் கலந்த அந்த வாசனை இப்போதும் மூக்கில் வந்து நிற்கிறது. முப்பத்து மூன்று வருடத்தில் நான் சந்தோஷமாக நடத்திய பாடம் அது ஒன்றுதான் என்று சொன்னால் தப்பில்லை.

அடுத்தது, நான் செய்த தவறு.

கல்வி அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. நாற்பத்தோரு பிள்ளைகளுக்கும் நாற்பத்தோரு விலாசம். பாதிப் பேருக்குக் கதவு எண் வாயில் வராது. அதிகாரி முன்னால் திக்கித் திணறினால் பள்ளிக்குக் கெட்ட பெயர். நான் படித்ததும் இதே ஊரில் இதே மாதிரியான பள்ளிதான். பார்வை என்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கரும்பலகையில் ஒரே ஒரு மாதிரியை எழுதிப் போட்டேன்.

*என் பேர் பூங்கொடி. வீட்டு நம்பர் பதினாலு. தேரடித் தெரு, சங்கரன்கோவில். எங்க வீட்டுல ஒருத்தர் விழுந்துட்டாங்க. சீக்கிரம் வாங்க.*

பூங்கொடி என்று என் வகுப்பில் யாரும் இல்லை. பதினாலு என்பது வாய்க்கு வந்த எண். ஸ்கேலால் மேஜையில் தட்டித் தட்டி, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தேன். 'தேரடித் தெரு' என்றதும் இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் 'சங்கரன்கோவில்'. ஒரே வாரத்தில் நாற்பத்தோரு குரலும் ஒரு குரலாகிவிட்டது. அதிகாரி கைதட்டினார். எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். எல்லாரையும்விட அழகாகச் சொன்னவள் முதல் பெஞ்சு முத்துஹரிணி.

பதினொன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், காந்தி நகரில் வீட்டோடு இருந்த விசைத்தறிக் கூடத்தில் ஹரிணியின் அப்பா சுப்பையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அம்மா கோமதி சந்தைக்குப் போயிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை பயப்படவில்லை. அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள், எண்ணை அழுத்தினாள், ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்.

என் பேர் பூங்கொடி. வீட்டு நம்பர் பதினாலு.

சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டாள். வகுப்பில் அப்படித்தான் பழக்கம். சொல்லி முடித்தவர்கள் உட்கார்ந்துவிட வேண்டும். வண்டி ஆறே நிமிடத்தில் தேரடித் தெரு பதினாலாம் எண்ணுக்குப் போய்விட்டது. அந்த வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர்கள் மும்பையில். வண்டிக்காரர்கள் கதவைத் தட்டினார்கள், அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள், வந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த தறியின் சத்தத்தில் மணி அடித்தது பிள்ளைக்குக் கேட்கவில்லை. இருபத்திரண்டு நிமிடம் போயிற்று. கோமதி வந்து பார்த்தபோது பிள்ளை வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விசாரணையில் அந்தக் குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். பின்னால் தறி ஓடுகிறது. நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் நிறுத்தி, நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் மூச்சு வாங்கி, மிக நன்றாகச் சொன்னாள். எல்லாரும் அவளிடம், "ஏன்ட்டி தப்பாச் சொன்ன?" என்று கேட்டார்கள். அவள் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நான் சரியாத்தான் சொன்னேன்."

துக்கம் கேட்கப் போன என்னைக் கோமதி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல என்ன இருக்கு டீச்சர்? அவ நல்லாப் படிக்கிற பிள்ளைல்லா" என்றாள்.

அந்த வருடமே தாயும் மகளும் சென்னைக்குப் போய்விட்டார்கள். நான் சான்றிதழைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு பாடத்தை எடுக்கும்வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் விலாசத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன், நாற்பது பேர் என்றால் நாற்பது விலாசம். அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நகராட்சிக்கு ஒரு கடிதமும் எழுதி வருகிறேன். அது என்ன கடிதம் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

போன வருடம் ஆடியில் ஹரிணி ஊருக்குத் திரும்பினாள். வயது முப்பத்தேழு. ரயில்வே ஸ்டேஷன் தாண்டிப் புதுக் குடியிருப்பில் வீடு. கணவர் வடக்கே எங்கேயோ வேலையில். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். ஆறு வயதில் ஒரு மகள், பெயர் மௌவல். என்னை எப்படித் தேடிப் பிடித்தாள் என்று தெரியாது. ஒரு நாள் போனில் கூப்பிட்டாள்.

"டீச்சர், நான் ஹரிணி. மூணு மணிக்கு மேல எனக்கு மீட்டிங்கா வரும். பாப்பாவுக்குத் தமிழ் எழுத வரல. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வந்து பாத்துக்கிடுவீங்களா?"

போனேன். பழைய விஷயத்தை அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் என் வீட்டுக்கு வந்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை. இரண்டாவது வாரம்தான் அவள் வேலை என்ன என்று எனக்குத் தெரிந்தது. துணைப் பட்டை செய்கிற கம்பெனியில், குழந்தைகள் பிரிவுக்கு அவள்தான் தலைமைப் பொறியாளர்.

கார்த்திகையில் ஒரு நாள், என் அலமாரியில் கிடந்த சிவப்புத் தொலைபேசிகளை மௌவலுக்குக் காட்டலாம் என்று எடுத்துப் போனேன். அவள் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல எங்க டீச்சர் படம் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது ஹரிணி அறையிலிருந்து வந்தாள். தொலைபேசியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"பாப்பா, நீ போய் மாடியில விளையாடு." பிள்ளை போனதும் சொன்னாள்: "டீச்சர், இது வேண்டாம்."

"சும்மா விளையாட்டுக்குத்தான்மா. அவ விலாசத்த மட்டும் சொல்லிக்குடுத்தா..."

"என் பொண்ணு யாரையும் கூப்பிட வேண்டிய நெலமை வரக் கூடாது. அதுக்குத்தான் பதினஞ்சு வருஷமா ராப்பகலா உக்காந்து வேலை பாத்திருக்கேன். ஒரு சின்னப் பிள்ளை தலையில, நீ சரியாச் சொன்னாத்தான் அப்பா பொழைப்பாருன்னு வெக்கிறது எவ்வளவு பெரிய கொடுமைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பழைய விஷயத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் நாங்கள் வந்தது அன்றுதான். நான் ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். அப்புறம் கேட்டேன்.

"பட்டை கையில இல்லாட்டி?"

"எப்ப இல்லாம இருக்கும்? தூங்கும்போதும் குளிக்கும்போதும்கூடக் கழட்ட வேண்டாம்."

"சனிக்கிழமை?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எண்ணெய்க் குளியலச் சொல்லுதீங்களா? அது ஒரு பெரிய கூத்து டீச்சர். எண்ணெய் பட்டா பட்டை வழுக்கும், நாடி தெரியாது. எல்லாரும் கழட்டி பாத்ரூம் கொக்கியில மாட்டிருவாங்க. சனிக்கிழமை காலையில ஏழுலேர்ந்து ஒம்பது வரைக்கும் தமிழ்நாட்டுல மட்டும் லட்சக்கணக்குல பட்டை சும்மா கிடக்கும். வரைபடத்துல பாத்தா குழி விழுந்த மாதிரி இருக்கும். எங்க ஆபீஸ்ல அதுக்கு 'எண்ணெய்ப் பள்ளம்'னே பேரு."

"கழட்டினா அது சத்தம் போடாதா?"

"போட்டுச்சு. சனிக்கிழமை ஆனா வீட்டுக்கு வீடு வண்டி போய் நின்னுச்சு. தலை நெறைய எண்ணெயும் இடுப்புல துண்டுமா ஜனங்க வந்து கதவத் தொறந்து, 'நீ யாருல?'ன்னு கேட்டிருக்காங்க. அதான் சனிக்கிழமை காலை ரெண்டு மணி நேரம் கழட்டினாலும் சத்தம் போட வேண்டாம்னு மாத்தி எழுதினோம். நான்தான் எழுதினேன்."

"அந்த ரெண்டு மணி நேரத்துல ஒருத்தர் விழுந்தா?"

"பட்டையோட ஓரத்துல ஒரு குமிழ் இருக்கு. மூணு விநாடி அழுத்தினா குரல் வழி தொறக்கும், மிஷின் பதில் சொல்லும். விலாசத்தச் சொன்னா வண்டி போகும். ஆனா யாரும் அழுத்துறதில்ல டீச்சர். போன வருஷம் முழுக்க மொத்தம் முப்பது அழைப்பு. வர்ற ஏப்ரல்ல மூடப் போறோம்."

"விலாசம் எதுக்கு? பிள்ளை எங்க நிக்குதுன்னு பட்டைக்கே தெரியுமே?"

"தெரியும், ஆனா சொல்லக் கூடாது. குழந்தை எங்க இருக்குன்னு ஒரு கம்பெனிக்கும் தெரியக் கூடாதுன்னு சட்டம். பிள்ளை உடம்புக்கே ஏதாவதுன்னாதான் இடம் வெளிய வரும். மத்தபடி வாயால சொல்லணும்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஒண்ணு செஞ்சேன். குழந்தை பேசினா மிஷின் குறுக்குக் கேள்வி கேக்கக் கூடாது. சொன்னதை அப்படியே நம்பி வண்டியை அனுப்பணும். ஏன் தப்பாச் சொன்னன்னு ஒரு பிள்ளைகிட்டயும் யாரும் கேக்கக் கூடாது."

தொலைபேசிகளைப் பையில் போட்டேன்.

"சொல்லிக்குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்."

"சத்தியம் பண்றது எங்க சபையில வழக்கமில்ல. சொன்னா சொன்னதுதான். சொல்லிக்குடுக்க மாட்டேன்."

சொன்னபடியே இருந்தேன். மௌவலுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தேன், கதை சொன்னேன். கதவு எண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. இது முக்கியம். ஏனென்றால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எல்லாரும் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மார்ச் பதினாறு. காலை எட்டு நாற்பது. நான் தோசைக்கு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டுகிற சத்தம். என் வீட்டுக் கதவைப் பகலில் நான் பூட்டுவதில்லை; தள்ளிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்கள். பச்சைச் சட்டையில் ஓர் இளம்பெண், பின்னால் ஸ்ட்ரெச்சரோடு ஒருவர். வாசலில் வண்டி.

"அம்மா, விழுந்தவங்க எங்க? பூங்கொடின்னு ஒரு குழந்தை கூப்பிட்டிருக்கு."

இப்போது அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக் கதவுக்கு மேல் இரண்டு எண்கள் இருக்கின்றன. புதிய எண் முப்பத்தேழு. பழைய எண் பதினாலு. தெருவுக்கும் வேறு பெயர் வைத்துப் பல வருடமாகிறது. அதற்கு முன்னால் அது தேரடித் தெரு. சுப்பையா காரியம் முடிந்த மறு மாதம் மும்பைக்காரர்களுக்கு எழுதிக் கேட்டு, அந்தப் பூட்டிய வீட்டில் நான் வாடகைக்கு வந்தேன். நாற்பத்தோரு பிள்ளைகளின் நாக்கில் அந்த விலாசத்தை ஏற்றியவள் நான். இனி எந்தப் பிள்ளையாவது பயத்தில் அதையே சொன்னால், வண்டி போய் நிற்கிற இடத்தில் பூட்டு தொங்கக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு. என் பிள்ளைகள் யார் யார், எங்கே எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தேன். தெருப் பெயர் மாறினாலும், எண் மாறினாலும், பழைய விலாசத்தைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று வருடம் தவறாமல் ஜனவரியில் நகராட்சிக்கு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'பொது நலன்' என்று போடுவேன். எடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் இரண்டு தடவை வண்டி வந்தது. ஒன்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் குறும்பு. இன்னொன்று நிஜம், கூப்பிட்ட எண் யாருடையது என்று நோட்டைப் பார்த்து அனுப்பினேன், அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். துணை வந்த பிறகு ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு வருடமாகச் சும்மா திறந்து கிடந்த கதவு அது.

"குழந்தையோட குரலா?" என்று கேட்டேன்.

"ஆமா. சின்னப் பிள்ளை. ஆறேழு வயசுதான் இருக்கும்."

என் நாற்பத்தோரு பேரில் கடைசிப் பிள்ளைக்கும் இப்போது முப்பத்தேழு வயது. அடுப்பை அணைத்தேன். "விழுந்தவங்க இங்க இல்ல. ஸ்டேஷனுக்கு அங்கிட்டு, புதுக் குடியிருப்பு. நானும் வாறேன், ஏறுங்க."

அந்தப் பெண் அசையவில்லை. "எங்களுக்கு வந்த விலாசம் இதுதாம்மா. எங்க இஷ்டத்துக்கு மாத்திப் போக முடியாது. நீங்க என்ன ஆதாரத்துல சொல்லுதீங்க?"

"அந்தக் குரலைக் கொஞ்சம் போடும்மா."

ஸ்ட்ரெச்சர்க்காரர் முணுமுணுத்தார்: "நேரம் போகுது, மேடம்."

"போட்டா சீக்கிரம் போயிரும்" என்றேன்.

போட்டாள். *என் பேர் பூங்கொடி. வீட்டு நம்பர் பதினாலு. தேரடித் தெரு...* அங்கே ஒரு நிறுத்தம். இரண்டு தட்டுக்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். பின்னால் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம். *சங்கரன்கோவில்.* அந்த 'ழ' வராத 'விழுந்துட்டாங்க'. அதைத் திருத்தத்தான் நான் மூன்று மாதமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

"இது மௌவல். விழுந்தது அவ அம்மா. தப்புன்னா என் பேரை எழுதிக்கோ. எப்சிபா. ஓய்வு பெற்ற ஆசிரியை. ம், எழுதிட்டியா? வண்டிய எடு."

ஏழு நிமிடம். வழி நெடுக என் கையில் தோசை மாவு காய்ந்து பொருக்காகிக்கொண்டிருந்தது. பழைய இருபத்திரண்டு நிமிடத்தில் இது எத்தனையாவது என்று மட்டும்தான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு போனேன்.

அந்தக் குடியிருப்பில் வாசல் கதவு பெரியவர்களின் பட்டைக்குத்தான் திறக்கும்; அதனால் பிள்ளை வெளியே ஓடிப்போயிருக்க முடியாது. வண்டிக்காரர்களுக்கு எல்லாக் கதவும் திறக்கும். குளியலறையில் எண்ணெயும் சீயக்காயும் கலந்த ஈரத்தில் ஹரிணி கிடந்தாள். பின்தலையில் ரத்தம். அவளுடைய பட்டை கொக்கியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, சத்தம் போடாமல். முதலில் குளித்துத் தலை துவட்டிப் பட்டையைக் கட்டிக்கொண்ட மௌவல், தன் பாவாடையைச் சுருட்டி அம்மாவின் தலைக்குக் கீழே கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது.

"ஏன் டீச்சர் இவ்வளவு நேரம்? நான் சரியாத்தான் சொன்னேன்."

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். "நீ சரியாத்தான் சொன்ன கண்ணு. சரியாத்தான் சொன்ன."

ஹரிணிக்குத் திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே ரத்தம் கட்டியிருந்ததாம். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள். நாலாம் நாள்தான் நினைவு தெளிந்து பேசினாள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது, அதற்கு மேல் கோபமும் இருந்தது.

"சொல்லிக்குடுக்க மாட்டேன்னு சொன்னீங்கள்ல டீச்சர்? அதுவும் அதையே போயா?"

"நான் சொல்லிக்குடுக்கலம்மா."

"வேற யாருக்குத் தெரியும் அது?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்த மௌவல் நிமிர்ந்தாள். "டீச்சருக்கு அந்தப் பாட்டு தெரியாதும்மா. அது உன் பாட்டு."

"எந்தப் பாட்டு?"

"எண்ணெய் தேய்க்கும்போது நீ பாடுவியே, அது." பிசுபிசுத்த கையாலேயே தன் தலையில் இரண்டு தட்டுத் தட்டிக்காட்டினாள். "தேரடித் தெரு... தட் தட்... சங்கரன்கோவில். பூங்கொடி வீட்டுல ஒருத்தர் விழுவாங்க, எல்லாரும் வந்துருவாங்க. நீயும் விழுந்தியா, அதான் குமிழை அமுக்கிச் சொன்னேன். குமிழைப் பத்தி நீ டீச்சர்கிட்ட சொன்னதை மாடிப்படியில நின்னு கேட்டேன்."

ஹரிணி மகளின் கையையே பார்த்தாள். தான் பாடுவது அவளுக்கே தெரியாது. சனிக்கிழமை தவறாமல் மகளின் தலையில் எண்ணெயை வைத்துத் தட்டும்போது, ஒன்றாம் வகுப்பின் முதல் பெஞ்சு தானாக வாயில் வந்திருக்கிறது.

அப்புறம் கேட்டாள். "அங்க அந்த வீடு பூட்டிக் கெடக்குமே டீச்சர். வண்டி எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"இப்ப பூட்டிக் கெடக்கல. நான் இருக்கேன்."

"எப்பலேர்ந்து?"

"அந்த வருஷத்துலேர்ந்து."

அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. முப்பத்தொரு வருடம். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மௌவல் ஒரு சுளையை அம்மாவின் தோளில் வைத்துவிட்டு, "அப்புறமா சாப்பிடு" என்றாள்.

சித்திரை பிறந்து ஹரிணி வீட்டுக்கு வந்தாள், தலையில் வெள்ளைக் கட்டோடு. குரல் வழியை மூடுவதைத் தள்ளி வைக்கும்படி கம்பெனிக்கு எழுதியிருக்கிறாளாம். எத்தனை நாளைக்குத் தள்ளுவார்கள் என்று அவளுக்கும் தெரியாது. என்னிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அந்த செவப்பு போனை எடுத்துட்டு வாங்க டீச்சர்."

கொண்டுபோனேன். ஒன்றை ஹரிணியின் மடியில் வைத்தேன். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு மௌவல் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள். ஒரு வாரமாக அவள் தன் பெயரையும் தன் கதவு எண்ணையும் சொல்லிப் பழகிவிட்டாள். இன்றைக்கு மையத்தில் உட்கார வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

"ஹலோ, உதவி மையம். உங்க பேர் என்ன?"

ஹரிணி ரிசீவரைக் காதில் வைத்தாள். சுருள் வயரை விரலில் சுற்றிக்கொண்டாள். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அம்மா, பேர் சொல்லணும்."

"என் பேர்... முத்துஹரிணி."

"எங்கேர்ந்து பேசுறீங்க?"

இந்த வீட்டு எண்ணைச் சொல்லப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"முப்பத்தெட்டு, காந்தி நகர் மூணாம் தெரு. ஓடைப் பாலத்துக்குப் பக்கம். தறி ஓடிட்டிருக்கும், வெளியவே சத்தம் கேக்கும். அந்த வீடு."

"என்ன ஆச்சு?"

"எங்க அப்பா விழுந்துட்டாங்க."

இதற்கு என்ன பதில் என்று நான் மௌவலுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"அழாதீங்க" என்றாள் அவள். "வண்டி பொறப்பட்டுட்டு. நாங்க வர்ற வரைக்கும் போனை வெச்சிராதீங்க."

ஹரிணி போனை வைக்கவில்லை.